எண்ணெய் எட்டாத இடம்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் ஊருக்கு வெளியே வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ நிலம் இருக்கும். கோடை முழுக்கப் புல் வெட்ட வேண்டும். குளிர்காலத்தில் வாசலிலிருந்து சாலை வரை பனியைத் தள்ள வேண்டும். பனி உருகியதும் காய்கறிப் பாத்தியை உழ வேண்டும். வயல் டிராக்டர் இந்த வேலைக்கு மிகப் பெரிது. கையால் தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டியோ மிகச் சிறிது. இரண்டுக்கும் நடுவே பிறந்ததுதான் தோட்ட டிராக்டர். உட்கார்ந்து ஓட்டலாம், கலப்பை பூட்டலாம், பனித்தள்ளி மாட்டலாம். நாற்பது ஆண்டு கடந்தும் ஓடுகிற இந்த வண்டிகளைத் தேடி வாங்கிப் பழுதுபார்த்து வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் சந்தித்துக்கொண்டால் ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு: பழைய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில் எது நல்லது?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஓர் எஞ்சின் எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஏனென்றால், இங்கே ஒப்பிடப்படும் மூன்று எஞ்சின்களும் காகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1960களில் இந்த டிராக்டர்களின் மூக்கில் இருந்தது பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். கோலர் நிறுவனத்தின் கே வரிசை அதில் பேர்பெற்றது. 16 குதிரைத்திறன் கொண்ட கே341 எஞ்சினின் ஒரே பிஸ்டன் 95 மி.மீ. அகலம், கொள்ளளவு 588 சி.சி. உள்ளங்கை அகலமுள்ள அந்த உலோகக் கட்டி நொடிக்கு 60 தடவை போய்த் திரும்பினால் வண்டி எப்படி அதிரும் என்று புல்லட் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேலும் சக்தி வேண்டுமென்றால் பிஸ்டனை இன்னும் பெரிதாக்குவது வழியல்ல; வேலையை இரண்டு பிஸ்டனுக்குப் பங்கிடுவதுதான் வழி. 1970களில் அதுதான் நடந்தது.

பங்கிட்டவர்கள் மூவர். 1920-இல் மினியாபொலிஸில் தொடங்கிய ஓனான், ஜெனரேட்டருக்குப் பேர்போன நிறுவனம். 1873-இல் விஸ்கான்சினில் தொடங்கிய கோலர், குளியல் தொட்டிக்கும் குழாய்க்கும் பேர்போனது; அதுவும் 1920-இல் ஜெனரேட்டர் செய்யப் போய்த்தான் எஞ்சினுக்கு வந்தது. மூன்றாவது மில்வாக்கியின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், 1908-இல் தொடங்கியது. இந்த எஞ்சின்கள் எல்லாம் நிமிடத்துக்கு 3,600 சுற்று என்ற வேகத்திலேயே அளக்கப்படுவதற்கும் ஜெனரேட்டருக்கும் பொருத்தம் உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இரண்டு துருவ ஜெனரேட்டரை 3,600 சுற்றில் ஓட்டினால் சரியாக 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரே எஞ்சினை மின்சாரத்துக்கும் விற்கலாம், டிராக்டருக்கும் விற்கலாம்.

இனி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். கோலர் கே.டி.17: 691 சி.சி., 17 குதிரைத்திறன். பிரிக்ஸின் 42 கன அங்குல எஞ்சின்: 694 சி.சி., 18 குதிரைத்திறன். ஓனான் பி43: சுமார் 710 சி.சி., வண்டியைப் பொறுத்து 16 முதல் 18 குதிரைத்திறன் வரை. மூன்றும் காற்றில் குளிர்பவை. மூன்றிலும் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், அதே பிளாக்கில் நிற்கின்றன. ஹெட் என்பது மேலே மூடிய ஒரு தகடு மாதிரிதான். மூன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கின்றன.

இப்படி எதிரெதிராகப் படுக்கவைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, ஒரே சமயத்தில் இருபக்கமும் விரித்து, ஒரே சமயத்தில் சேருங்கள். உடம்பு அசையாது. ஒரு கையை மட்டும் அப்படி வேகமாக வீசிப் பாருங்கள், தோள் இழுக்கும். இந்த எஞ்சினில், பிஸ்டன் போய்வருவதைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் இரண்டு முழங்கைகளும் 180 பாகையில் எதிரெதிரே இருப்பதால் பிஸ்டன்கள் இரண்டும் சேர்ந்தே வெளியே போகின்றன, சேர்ந்தே உள்ளே வருகின்றன. ஒன்றின் உதைப்பை மற்றது அழித்துவிடுகிறது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1923-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர்32-இல் பயன்படுத்தியதும் இதே அமைப்புதான். ஒரு சின்னக் குறை மட்டும் எஞ்சும். இரு சிலிண்டர்களும் அச்சு மாறாமல் நேருக்கு நேர் நிற்க முடியாது. கிராங்கில் இரண்டு முழங்கைக்கும் இடம் வேண்டுமே, அதனால் ஒன்று சற்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே நிற்கும். கைகளை ஒரு விரற்கடை மேலும் கீழுமாக வைத்து வீசினால் உடம்பு லேசாகத் திருகுகிறது அல்லவா, அந்தத் திருகல் இதில் உண்டு. மற்றபடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, மாறி மாறி, சீரான இடைவெளியில். ஒற்றைச் சிலிண்டரின் தட்தட் போய், தையல் மெஷின் போன்ற ஓட்டம் வருகிறது.

உள் அளவுகளில்தான் முதல் வேறுபாடு. கோலரின் பிஸ்டன் 79.4 மி.மீ. அகலம், 69.9 மி.மீ. பயணம். ஓனானில் 82.6-க்கு 66.7. பிரிக்ஸில் 87.3-க்கு 57.9. அதாவது பிரிக்ஸின் சிலிண்டர் அகலமானது, குட்டையானது. பயணம் குறைந்தால் பிஸ்டனின் வேகமும் குறையும்: 3,600 சுற்றில் பிரிக்ஸின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் போகிறது, ஓனானில் 8 மீட்டர், கோலரில் 8.4 மீட்டர். பிஸ்டன் குறைந்த தூரம் தேய்ந்தால் சிலிண்டருக்கு நல்லது. ஆனால் அகலம் கூடினால் வெடிப்பின் அழுத்தம் விழும் பரப்பும் கூடும். உச்ச அழுத்தம் 30 பார் என்று வைத்துக்கொண்டால் கோலரின் பிஸ்டன் மீது விழும் விசை ஒன்றரை டன், பிரிக்ஸில் 1.8 டன். அந்த விசை முழுவதையும் தாங்குவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. அதே விசையைத் தாங்குவது, ராடுக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் எண்ணெயும்தான்.

இந்த எண்ணெய்ப் படலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராடின் வளையத்துக்கும் கிராங்கின் முழங்கைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் கனம்தான். எஞ்சின் ஓடும்போது முழங்கை அந்த இடைவெளியின் நடுவில் மிதப்பதில்லை. விசை அழுத்தும் பக்கம் நெருங்கிப்போய், சில மைக்ரான் கனமுள்ள எண்ணெய் மீது சறுக்குகிறது. ஈர மண்ணில் சைக்கிள் டயர் வழுக்குவதைப் போல, சுழலும் முழங்கையே எண்ணெயை இழுத்துத் தன் அடியில் ஆப்பாகச் செருகிக்கொள்கிறது. ஆகவே உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. டன் கணக்கில் விசை விழுந்தும் தொடுவதில்லை. ஆனால் அந்த ஆப்புக்கு எண்ணெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு சில நொடி நின்றாலும் போதும். கோலரிலும் பிரிக்ஸிலும் ராடு அலுமினியம். தனி பேரிங் இல்லாமல் நேரே எஃகு முழங்கையில் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் அற்றதும் அலுமினியம் இளகி எஃகில் ஒட்டிக்கொள்ளும். ராடு பிடித்துக்கொள்ளும், முறியும். முறிந்த துண்டு கிராங்க் கேஸைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். பழைய எஞ்சின்களின் பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் ஓட்டையைப் பார்த்தால், அது எங்கே தொடங்கியது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

எண்ணெயை அங்கே கொண்டுசேர்க்க இரண்டு வழி. ஒன்று, தெளிப்பு. ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி. அது சுற்றுக்கு ஒருமுறை அடியில் தேங்கிய எண்ணெயில் அடித்து எல்லாப் பக்கமும் வாரி இறைக்கும். பிரிக்ஸின் தொடக்ககால இரட்டைச் சிலிண்டர்கள் இந்த வழியை நம்பின. மலிவானது, சமதரையில் போதுமானது. சரிவில் நின்று வெகுநேரம் வேலை செய்தால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கத்துக் கரண்டிக்கு எட்டாமல் போகும். இன்னொன்று, பம்பு. கிராங்குக்குள்ளேயே துளை போட்டு, அதன் வழியாக எண்ணெயை அழுத்தத்துடன் முழங்கையின் முகத்துக்கே கொண்டுவருவது. ஓனான் இதைத்தான் செய்தது, எண்ணெய் ஃபில்டரும் வைத்தது. மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓடும் ஜெனரேட்டர் செய்து பழகிய கைகளுக்கு வேறு வழி தோன்றியிருக்காது.

கோலரின் கே.டி.17 நடுவழியில் நின்றது. பம்பு இருந்தது. முக்கியமான பேரிங்குகளுக்கு எண்ணெயும் போனது. ஆனால் ராடுகளுக்குப் போனது நேரான அழுத்தம் இல்லை, தெளிப்புதான். இந்த எஞ்சினுடன் ஜான் டியர் நிறுவனம் வெளியிட்ட 317 டிராக்டர் ராடு முறிவுக்குப் பேர்வாங்கிவிட்டது. நல்ல வண்டி. கியர்பெட்டி, ஹைட்ராலிக், சட்டகம் எதிலும் குறை சொல்ல முடியாது. எண்ணெய் எட்டாத ஒரே இடம் அந்த வண்டியின் பெயரைக் கெடுத்தது. கோலர் விட்டுவிடவில்லை. கிராங்கைத் துளைத்து, ராடுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் போகும்படி திருத்தி, இரண்டாம் வரிசை என்று பெயரிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு தெரியாது. அதே 691 சி.சி., அதே 17 குதிரைத்திறன். பிறகு வந்த மேக்னம் எம்18, எம்20 எஞ்சின்கள் இந்தத் திருத்திய வடிவத்தின் பிள்ளைகள். இருபது முப்பது ஆண்டு உழைத்தும் ராடு முறியாதவை அவற்றில் எத்தனையோ.

ஜான் டியர் அதற்குள் ஓனானுக்கு மாறியிருந்தது. 1983 முதல் 1992 வரை வந்த 318 டிராக்டரில் இருந்தது ஓனான். பழைய தோட்ட டிராக்டர்களில் இதற்கு இணை இல்லை என்று சொல்பவர்கள் பலர். எண்ணெய் விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் ஓனானுக்கு வேறோர் இடத்தில் உயிர்நிலை இருந்தது: வெப்பம்.

17 குதிரைத்திறன் என்பது சுமார் 12.7 கிலோவாட். இந்த மாதிரிப் பழைய எஞ்சின் பெட்ரோலின் வெப்பத்தில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், பல சமயம் அதுகூட இல்லை. மிச்சத்தில் பெரும் பங்கு புகையோடு போய்விடும். ஆனாலும் முழுச் சுமையில் பத்துப் பன்னிரண்டு கிலோவாட் வெப்பம் சிலிண்டரின் சுவர் வழியாகக் காற்றுக்குப் போயாக வேண்டும். குளியலறையில் இருக்கும் 1,500 வாட் ஹீட்டரை எட்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். இத்தனையையும் எடுத்துப் போக வேண்டியது சிலிண்டரைச் சுற்றியிருக்கும் மெல்லிய உலோக இதழ்களும், அவற்றுக்கு நடுவே ஃபிளைவீல் விசிறி ஊதும் காற்றும்தான். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? புல் வெட்டும் வண்டியின் முன்புறத்திலிருந்து. தூசி, காய்ந்த புல், விதைப் பஞ்சு எல்லாம் அதோடு வரும். எஞ்சினை மூடியிருக்கும் தகட்டுறைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இதழ்களுக்கு நடுவே அவை கெட்டியாக அடைந்துகொள்ளும். குளிர்காலத்தில் எலி கூடு கட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். வெளியே எஞ்சின் பளபளப்பாக இருக்கும். உள்ளே கம்பளி போர்த்திக்கொண்டு வெந்துகொண்டிருக்கும்.

ஓனான் பி43-இன் பிளாக் அலுமினியம். பிஸ்டன் ஓடும் இடத்தில் வார்ப்பிரும்பு லைனர். வால்வு உட்காரும் கடினமான வளையத்தை அலுமினியத்தில் இறுக்கி அடித்துச் செருகியிருப்பார்கள். அலுமினியம் வெப்பத்தில் விரிவது இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 35 மி.மீ. விட்டமுள்ள அப்படியோர் இருக்கை வளையத்தை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 200 பாகை செல்சியஸ் கூடினால் அதைச் சுற்றியிருக்கும் அலுமினியக் குழி, இருக்கையைவிட 0.08 மி.மீ. அதிகமாக விரியும். செருகியபோது கொடுத்த இறுக்கமே அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். இருக்கை பிளாக்கைவிடச் சூடாக இருப்பதால் அதுவும் கொஞ்சம் விரிந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. அதனால்தான் நாள்தோறும் கழன்று விழுவதில்லை. இதழ்கள் அடைத்துக்கொண்ட எஞ்சினில் பிளாக் முழுவதும் மிகச் சூடாகும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடும். புகை வெளியேறும் வால்வின் இருக்கை தளர்ந்து மேலெழும். வால்வு மூடாது. ஒரு சிலிண்டர் செத்துப்போகும். எஞ்சின் திடீரென்று ஒற்றைச் சிலிண்டராக, சத்தம் மாறி, திணறிக்கொண்டு ஓடும். ஓனான் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் மனப்பாடம்.

கோலரில் இந்த நோய் அரிது. காரணம் எளியது. கோலரின் கிராங்க் கேஸ் அலுமினியம் என்றாலும் அதில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் சிலிண்டர்கள் இரண்டும் தனித்தனி வார்ப்பிரும்பு. வால்வு இருக்கைகள் இருப்பது அந்த வார்ப்பிரும்பில். இருக்கையும் வார்ப்பிரும்பும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிகின்றன. தளர்வதற்குக் காரணமே இல்லை. போதாக்குறைக்கு, ஒரு சிலிண்டர் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஓனான் எண்ணெயில் வலிமையாக இருந்து வெப்பத்தில் விட்டுக்கொடுத்தது; கோலர் வெப்பத்தில் வலிமையாக இருந்து எண்ணெயில் விட்டுக்கொடுத்தது. இதுதான் இந்த இரண்டின் கதை. குதிரைத்திறனைப் பார்த்து ஒப்பிடுபவர்களுக்கு இது கடைசி வரை பிடிபடாது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிஸ்டன்கள் இரண்டும் சேர்ந்தே உள்ளே வருகின்றன என்றோமே, அப்போது கிராங்க் கேஸில் இருக்கும் காற்று எங்கே போகும்? ஒவ்வொரு சுற்றிலும் 700 சி.சி. காற்று நசுங்குகிறது, பிறகு உறிஞ்சப்படுகிறது, நொடிக்கு 60 தடவை. இந்த மூச்சை வெளியேவிட ஒரு சிறு ஒருவழி வால்வு இருக்கிறது. உள்ளே இருப்பதை வெளியே போகவிடும், வெளியே இருப்பதை உள்ளே வரவிடாது. அது அழுக்கேறிப் பழுதானால் உள்ளே அழுத்தம் ஏறி, கிராங்க் ஷாஃப்டின் இரு முனை சீல்களிலும் எண்ணெய் கசியும். சீலை மாற்றுவார்கள், மறுபடியும் கசியும், மறுபடியும் மாற்றுவார்கள். கோளாறு சீலில் இல்லை, மூச்சில். இந்த அழுத்தத் துடிப்பால் நன்மையும் உண்டு: ஒரு சிறு குழாய் வழியே அதை ரப்பர் சவ்வுக்குக் கொண்டுபோனால் அதுவே பெட்ரோல் பம்பை இயக்கிவிடும்.

இந்தப் பக்கவால்வு எஞ்சின்களின் காலம் முடிந்ததற்குப் புகைதான் காரணம். வால்வுகள் பக்கத்தில் இருப்பதால் எரியும் அறை பிஸ்டனுக்கு மேலேயிருந்து வால்வுகள் வரை பரந்து கிடக்கிறது. பரப்பு அதிகம், சுவரை ஒட்டிய பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. அழுத்த விகிதத்தையும் கூட்ட முடிவதில்லை. நம் சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு 650-இன் கொள்ளளவு 648 சி.சி., இந்த மூன்றைவிடவும் குறைவு. சக்தியோ சுமார் 47 குதிரைத்திறன். தலைக்கு மேலே வால்வு, 7,000-க்கு மேல் சுற்று என்பதால் வந்த வித்தியாசம் அது. அமெரிக்காவில் சிறு எஞ்சின்களுக்கான முதல் கட்டப் புகைக் கட்டுப்பாடு 1997-இல் வந்தது. அதற்கு முன்பே, தலைமேல் வால்வு கொண்ட 90 பாகை வி-இரட்டை எஞ்சின்கள் சந்தைக்கு வந்துவிட்டன: பிரிக்ஸின் வேன்கார்டு, கோலரின் கமாண்டு. வி அமைப்பில் இரண்டு ராடுகளும் ஒரே முழங்கையில் அமர்கின்றன. எதிர்எடை வைத்தால் முதன்மை உதைப்பு முழுவதும் போய்விடும். வெடிப்புகள் மட்டும் சீராக வராது, 270 பாகை, பிறகு 450 பாகை. என்ஃபீல்டு 650-இலும் கிராங்கை 270 பாகையில் முறுக்கி இதே தாளத்தைத்தான் வரவழைத்திருக்கிறார்கள். ஓனான் செத்த 318-இல் வேன்கார்டைப் பொருத்தி ஓட்டுபவர்கள் இன்று நிறைய. அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தையல் மெஷின் ஓட்டம் திரும்ப வராது.

என் தீர்ப்பைக் கேட்டால், மூன்றில் நான் கைகாட்டுவது திருத்திய கோலரை. ராடுக்கு அழுத்தத்தில் எண்ணெய், வால்வு இருக்கைக்கு வார்ப்பிரும்பு என்று இரண்டும் சேர்ந்து கிடைப்பது அதில் மட்டும்தான். அடுத்தது ஓனான், ஒவ்வொரு பருவமும் தகட்டுறையைக் கழற்றி இதழ்களைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மட்டும். சமதரையில் புல் மட்டும் வெட்டுகிறவருக்குப் பிரிக்ஸ் போதும்; மலிவு, சிலிண்டர் மெதுவாகத் தேயும், சரிவில் மட்டும் ஏற்ற வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காதீர்கள், ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரையும் நம்பாதீர்கள். ஓனான் என்றால் முதலில் தகட்டுறையைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்து இதழ்களைப் பாருங்கள். கே.டி.17 என்றால் எஞ்சின் தகட்டில் பொறித்திருக்கும் ஐந்து இலக்க எண்ணைத் துடைத்துப் படியுங்கள். 24299 வரை பழையது. 24300-இலிருந்து ராடுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது.